உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர்: பழுதடைந்த சாலையில் ஒரு மதிப்பீடு

காரின் உயரத்தையும் ஷாக் அப்சார்பரின் விறைப்பையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள உதவும் இந்தக் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இணைந்த அமைப்பு) தொகுப்பை, முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் (ஷாக்கே சக்கரத்தின் மேற்பகுதியைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு) பின்புறம் டார்ஷன் பீமும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குச் சட்டம்) கொண்ட சிறிய கார் ஒன்றில் பொருத்தி, வழவழப்பான சாலையைவிடக் குண்டும் குழியுமான சாலையிலேயே அதிகம் ஓட்டிப் பார்த்தேன். இதை வாங்குபவர்களில் பலரும் காரைத் தாழ்த்தும் ஆசையில்தான் வாங்குகிறார்கள். ஆனால் இதிலுள்ள ஷாக்குகளின் அருமையைக் கெடுப்பதே அந்தத் தாழ்த்தல்தான்.

ஸ்பிரிங்குகள் காருடன் வந்தவற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பானவை. அதனால் உடல்பகுதியின் இயல்பான அதிர்வெண் சுமார் 22 சதவீதம் கூடுகிறது. சிறு மேடுகள்கூட இருக்கையில் தெரிகின்றன. ஆனாலும் பயணம் முரட்டுத்தனமாக இல்லை. ஒரு குழியில் இறங்கி ஏறியபின் கார் இரண்டாம் முறை ஆடுவதில்லை, வளைவின் நடுவே மேடு வந்தாலும் ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருப்பதில்லை. இந்தப் பெருமை ஸ்பிரிங்கைவிட ஷாக்கையே சேரும்.

ஷாக்கின் தலையிலுள்ள திருகு பெரும்பாலும் ஸ்பிரிங் விரிந்து திரும்பும் வேகத்தையே கட்டுப்படுத்துகிறது. அதை மிகவும் இறுக்கிவிட்டு, வரிவரியாக மேடுகள் அமைந்த மண்சாலையில் சென்றால், அடுத்த மேடு வருவதற்குள் ஸ்பிரிங் முழுமையாக விரிய முடியாமல், கார் சிறிது சிறிதாகக் கீழே அமுங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுவதும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் முட்டில்) மோதத் தொடங்குகிறது. இறுக்கினால் பிடிப்பு கூடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது. தளர்ந்த பக்கத்துக்குச் சற்று நெருக்கமாக வைத்தபோதுதான் டயர்கள் தரையை விடாமல் ஓடின.

தாழ்த்துவதன் விளைவுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மெக்ஃபர்சன் அமைப்பில் காரை 30 மில்லிமீட்டர் இறக்கினால், லோயர் ஆர்மின் (சக்கரத்தின் அடிப்பகுதியைக் காருடன் இணைக்கும் கையின்) சக்கரத்தை ஒட்டிய முனை மேலேறிவிடுகிறது. அப்போது ரோல் சென்டர் (வளைவில் கார் பக்கவாட்டில் சாயும்போது சுழலும் மையப்புள்ளி), காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட அதிகமாக இறங்குவதால், காரைச் சாய்க்கும் நெம்புகோல் நீள்கிறது. விறைப்பான ஸ்பிரிங் தந்த நன்மையின் ஒரு பகுதி இதிலேயே செலவாகிவிடுகிறது. ஆர்ம் ஓர் எல்லையைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், சக்கரம் மேலும் அமுங்கும்போது நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்முனை உட்புறம் சாய்ந்திருக்கும் கோணம்) கூடுவதற்குப் பதிலாகக் குறையத் தொடங்குகிறது. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் தண்டான டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு வட்டங்களில் நகர்வதால் ஒவ்வொரு மேட்டிலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறி, கார் தானாகவே திசை தேடுகிறது. நேரான சாலையில்கூட ஸ்டீயரிங் கையில் துள்ளுவதாகச் சிலர் சொல்லும் குறைக்கு, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் இயந்திரத்தில் மருந்து கிடையாது, உயரத்தைத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். காரின் பழைய உயரத்துக்கு நெருக்கமாக வைத்தபோது இந்தத் தொல்லை ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. உயரத்தை மாற்றுவதற்கு ஸ்பிரிங் தாங்கியைத் திருக வேண்டியதில்லை. ஷாக்கின் அடியிலுள்ள பிடிப்பையே திருகி மாற்றுவதால் ஷாக்கின் இயக்க நீளம் குறைவதில்லை. விலை மலிவான பல தொகுப்புகளில் இந்த வசதி இருப்பதில்லை.

உடன் வந்த கையேடு வீல் அலைன்மென்டை ஒரே வரியில் முடித்துவிடுகிறது, அது போதாது. முதலில் உயரத்தை முடிவுசெய்து, சக்கரங்கள் தரையில் பாரத்தைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் ஆர்ம்களின் போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும். காரைத் தூக்கி வைத்தே இறுக்கினால் ஆர்ம்களின் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்கள் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சிறிது தூரம் ஓட்டி ஸ்பிரிங்குகள் அமர்ந்தபின் கேம்பரை வைத்து, அதன் பிறகே டோவைச் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் கேம்பர் மாறினால் டோவும் மாறும். இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து டோ 3 மில்லிமீட்டர் பிசகினாலே, 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்குச் சுமார் 2.5 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் கேம்பரைப் பழிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோதான். பின்புற டார்ஷன் பீமில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை என்பதால், அங்கே அளந்து பார்ப்பதோடு சரி.

முன்புற ஷாக்கின் மேல்முனையில் ரப்பருக்குப் பதிலாக உலோகப் பந்து மூட்டு உள்ள கேம்பர் பிளேட் (கேம்பரை மாற்ற உதவும் தகடு) வருகிறது. ஸ்டீயரிங் கூர்மையாகிறது, ஆனால் ஒவ்வொரு கல்லின் ஓசையும் உள்ளே கேட்கிறது. ஆழமான குழியில் பலமாக இடித்துவிட்டால் அதன் நீள்துளையில் போல்ட் நழுவக்கூடும். பொருத்தும்போதே பெயின்ட்டால் குறுக்கே ஒரு கோடு இட்டுவைத்தால், அது விலகியிருப்பதைக் கண்டு உடனே மறு அலைன்மென்டுக்குப் போகலாம்.