மாதம் ஒரு தினம், தினத்துக்கு ஒரு புத்தகம்: பிள்ளைகளுக்கு எதை எடுத்துவைப்பது?

பிள்ளைகளுக்கு மாதாமாதம் புத்தகம் எடுத்துவைக்கிறவர்களுக்கு நாட்காட்டி நல்ல துணை. ஜனவரியில் பொங்கல், பிப்ரவரி 21 தாய்மொழி தினம், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், ஜூலை 15 காமராசர் பிறந்தநாளான கல்வி வளர்ச்சி நாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். தேதியைப் பார்த்துத் தலைப்பை முடிவு செய்வது சுலபம். அந்தத் தலைப்பில் எந்த மாதிரிப் புத்தகம் என்பதில்தான் தடுமாற்றம். சேலம் அம்மாபேட்டையில் ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறேன். அங்கே கண்டதை வைத்து, நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக வைத்துப் பார்க்கிறேன்.

தினத்தை விளக்கும் நூலா, கதையா?

கடைகளில் அதிகம் கிடைப்பது முதல் வகை. பண்டிகை ஏன் வந்தது, எப்படிக் கொண்டாடுகிறார்கள், தலைவர் எப்போது பிறந்தார், என்ன சாதித்தார் என்று வரிசையாகச் சொல்லும். பேச்சுப் போட்டிக்கு வசதி. இரண்டாவது வகையில் ஒரு குழந்தை இருக்கும், அதற்கு ஒரு சிக்கல் இருக்கும், பண்டிகை பின்னணியில் வந்துபோகும்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினத்தை எடுத்துக்கொள்வோம். விளக்க நூல், 1905இல் அதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதையும், அதன் நினைவாக 2015 முதல் இந்தத் தினம் கடைப்பிடிக்கப்படுவதையும் சொல்லும். தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தறி என்பது வீட்டுக்குள் நடக்கிற வேலை. அப்பா நெய்துகொண்டிருக்க, அந்தச் சத்தத்திலேயே வீட்டுப்பாடம் எழுதுகிறவர்கள். நெசவாளர் வீட்டுச் சிறுமியைப் பற்றிய படக்கதை ஒன்றைப் படித்தபோது, தறிக்கான நூலைத் தாரில் (சிறு குழலில்) சுற்றுகிற படம் வந்த பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விரலை வைத்து நிறுத்திவிட்டாள். “அக்கா, நூலு இப்படி வராது. எங்கம்மா கையில இந்தப் பக்கமா வரும்” என்றாள். எழுந்து நின்று கையால் சுற்றியும் காட்டினாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள். அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் அவளிடம்தான் கேள்வி கேட்டார்கள்.

இதனால் என் ஓட்டு கதைக்கு. 1905 பற்றிய தகவலைக் கதை முடிந்த பிறகு நாமே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அப்போது கேட்கவும் செய்வார்கள்.

அம்பேத்கர் பற்றிய நூல்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். 1891இல் பிறந்தார், 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்று பட்டங்களையும் பதவிகளையும் அடுக்கும் நூல் ஒருபுறம். சிறுவன் பீமராவின் பள்ளி நாளிலிருந்து தொடங்கும் நூல் மறுபுறம். பள்ளிக் குழாயை அவர் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் இல்லாவிட்டால் தண்ணீரும் இல்லை என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு வரைவுக் குழு புரியாது. தாகம் புரியும்.

“சின்னப் பிள்ளைகளிடம் சாதிப் பேச்சு எதற்கு?” என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. அதை அனுபவிக்கிற பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைக்கும் தெரியட்டும் என்பதுதான் என் பதில். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: அவமானத்தோடு நின்றுவிடும் நூல் வேண்டாம். அந்தச் சிறுவன் படித்தான், கேள்வி கேட்டான், சட்டத்தையே எழுதினான் என்பதுவரை வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2022 முதல் அவர் பிறந்த ஏப்ரல் 14ஐச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. அன்றைக்கே தமிழ்ப் புத்தாண்டும் வரும். பாயில் இரண்டு புத்தகத்தையும் வையுங்கள், ஒன்றுக்காக இன்னொன்றை ஒதுக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்திலும் இதே கதைதான். ஹெலன் கெல்லர், லூயி பிரெய்ல் வாழ்க்கை வரலாறுகள் தவறாமல் கிடைக்கும். அவற்றோடு, சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளை சும்மா விளையாடி, சண்டை போட்டு, சமாதானமாகிற ஒரு சாதாரணக் கதையும் கட்டாயம் வேண்டும். சாதித்தால்தான் மதிப்பு என்று எந்தப் பிள்ளையும் நினைத்துவிடக்கூடாது.

இருமொழி நூலா, சொல்லில்லாத நூலா?

பிப்ரவரி 21க்கு எல்லாரும் முதலில் நினைப்பது இருமொழிப் புத்தகம். 1952இல் டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. சென்னையில் 1996 முதல் இயங்கும் தூளிகா பதிப்பகம், ஆங்கிலமும் தமிழும் ஒரே பக்கத்தில் வரும் படப்புத்தகங்களை நன்றாகவே கொண்டுவருகிறது. ஆங்கிலம் பழகவும் உதவும், தாத்தா பாட்டியும் படித்துக்காட்ட முடியும்.

ஆனால் சேலத்தில் நிலைமை வேறு. வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிற பிள்ளைகள் ஒரே தெருவில் இருக்கிறார்கள். தமிழும் ஆங்கிலமும் இருக்கிற புத்தகத்தில் இவர்களுடைய வீட்டு மொழி இரண்டு பக்கமும் இல்லை. தாய்மொழி தினத்தில் அப்படி ஒரு நூலை நீட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே சொல்லில்லாத படக்கதை ஜெயித்துவிடுகிறது. படத்தைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பேச்சில் கதை சொல்லும், மற்றவர்கள் ஊகித்துச் சிரிப்பார்கள். பிப்ரவரிக்கு இதுவே போதும். இருமொழி நூலை ஏப்ரல் 23 புத்தக தினத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

அச்சிட்ட நாட்காட்டியா, ஊர் நாட்காட்டியா?

ஐ.நா. தினங்கள், தேசிய தினங்கள் பட்டியலை மட்டும் நம்பினால் ஆடி மாதம் விட்டுப்போகும். கோட்டை மாரியம்மன் பண்டிகையும், குகை என்ற பகுதியில் வண்டிகளை அலங்கரித்து வலம் வரும் வண்டி வேடிக்கையும்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷத்தின் பெரிய கொண்டாட்டம். அந்த வாரத்தில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகிற பிள்ளை, ராட்டினம், பொரிகடலை என்று எந்தக் கதை கொடுத்தாலும் பறந்துவிடும். அதே சமயம் ஊர்ப் பண்டிகையோடு நின்றுவிட்டால், பக்கத்துத் தெருப் பிள்ளையின் நோன்பு கண்ணில் படாது.

ரம்ஜான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘இந்த மாதம் ரம்ஜான் புத்தகம்’ என்று நிரந்தர அட்டவணை போட முடியாது. சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள் என்பதால் பண்டிகை வருஷாவருஷம் ஏறக்குறைய 11 நாள் முன்னால் வரும். 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. பிறை பார்த்து நாள் மாறவும் கூடும். பண்டிகை முடிந்த பிறகு புத்தகம் எடுத்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்கும். நோன்பு தொடங்கும் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள், நோன்புக்கஞ்சி வாசமும் கூடவே இருக்கும்.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினத்துக்கு நான் நிறைய யோசித்திருக்கிறேன். தாரா பதிப்பகம் கோண்டு பழங்குடி ஓவியர்களைக் கொண்டு உருவாக்கிய நூல்கள் கண்ணைப் பறிக்கும். சிலவற்றைக் கையால் செய்த தாளில் கையாலேயே அச்சிடுகிறார்கள். பிள்ளைகள் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அது மத்தியப் பிரதேசத்துக் காடு. பழங்குடி மக்கள் எங்கோ தொலைவில் இருக்கிறார்கள் என்ற எண்ணம் இதனால் வலுத்துவிடும். கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளி என்ற பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) வாழ்கிறார்கள், தமிழ்தான் பேசுகிறார்கள், அவர்கள் பிள்ளைகளும் இதே பாடப்புத்தகத்தைப் படிக்கிறார்கள். அதனால் கோண்டு நூலை ஓவியத்துக்காக வையுங்கள். அப்புறம் மலையிலிருந்து வருகிற யாரையாவது உட்காரவைத்து, மே மாதத்தில் நடக்கும் சேர்வராயன் கோயில் திருவிழா, காப்பிப் பழம் பறிப்பது, ரோட்டில் காட்டெருமை வந்து நிற்பது எல்லாம் கேட்டு, பிள்ளைகளே வரைந்து ஒரு புத்தகம் தைக்கட்டும். விலைக்கு வாங்கியதைவிட அதைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள்.

காசுக் கணக்கு

ஒரு தாரா நூலின் விலைக்கு மத்திய அரசின் பதிப்பகமான நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் பல வாங்கலாம். பல ஊர்களின் கதைகள் கிடைக்கும், தாளும் தாங்கும். சிலவற்றின் தமிழ் மட்டும் கொஞ்சம் விறைப்பு, வாய்விட்டுப் படிக்கும்போது நாம் இளக்கிக்கொள்ள வேண்டும். லாப நோக்கில்லாத பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் முழுக்க இலவசம். படைத்தவர்களின் பெயரைப் போட்டால் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றவும் செய்யலாம். கதைகளை நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பதும் பெரிய உதவி. சொல்லில்லாத கதைகளும் அங்கே உண்டு. குறை என்னவென்றால், மொழிபெயர்ப்பின் தரம் ஒரே சீராக இருக்காது. கலர் பிரின்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தால் செலவும் ஏறும், பிள்ளைகள் கையில் சீக்கிரம் கிழியவும் செய்யும். ஒருமுறை படித்துப் பார்க்க ஸ்டோரிவீவர், பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டால் அதே தலைப்பில் நல்ல நூலாகத் தேடி வாங்குவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கிளை நூலகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதும் இதே கணக்குதான்.

புதிய பேருந்து நிலையம் பக்கம் புத்தகத் திருவிழா நடக்கும்போது மொத்தமாக அள்ளிவிடத் தோன்றும். போவதற்கு முன் வீட்டு அலமாரியைப் பாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஏற்கெனவே இருக்கும், எந்தப் பிள்ளையின் வீடு அதில் இல்லை என்று குறித்துக்கொண்டு போங்கள். என் பட்டியலில் இந்த முறை முதலில் இருப்பது நோன்புக் கதை, அடுத்தது கண் தெரியாத பிள்ளை தொட்டுப் படிக்கிற மாதிரி பிரெய்லும் சேர்ந்த ஒரு படப்புத்தகம்.