மச்சு பிச்சு அடிவாரத்தில் சாப்பிடுகிறவர்கள் பில்லைப் பாருங்கள்: 20% ‘வரி’ என்ற பெயரில் நடக்கும் வசூல்

பெருவில் மச்சு பிச்சுவைப் பார்க்கச் செல்கிறவர்கள், மலையடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் காலியெந்தேஸ் என்ற சிற்றூரில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டியிருக்கும். அங்கே தண்டவாளத்தை ஒட்டியுள்ள உணவகங்களுள் ஒன்றில் எனக்கும் என் மனைவிக்கும் நேர்ந்ததை, இனிச் செல்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வாசலில் மெனு அட்டையுடன் நின்ற இளைஞர், சூப், வறுத்த டிரவுட் மீன், சோறு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 சோல்தான் (சோல் என்பது பெருவின் நாணயம்) என்று சொல்லி அழைத்தார். ஒன்றின் விலைக்கு நான்கு பிஸ்கோ சவர் (பெருவின் மதுக்கலவை பானம்) என்று ஒரு பலகையும் இருந்தது. அந்த ‘ஒன்றின் விலை’ 48 சோல் என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மச்சு பிச்சுவுக்குச் செல்பவர்கள் வழக்கமாகத் தங்கும் குஸ்கோ நகரில் ஏறக்குறைய அதில் பாதி விலைக்கு நல்ல பிஸ்கோ சவர் குடித்திருந்தோம். வந்த நான்கு கோப்பைகளிலும் மேலே நிற்க வேண்டிய முட்டை வெள்ளைக்கரு நுரை இல்லை. பனிக்கட்டியும் எலுமிச்சைப் பொடியின் புளிப்பும்தான் இருந்தன. மீனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கேட்காமலேயே ஒரு தட்டில் பூண்டு ரொட்டி வந்தது. உபசாரம் என்றே எண்ணினோம்.

பில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது: சாப்பாடு 50, பானம் 48, ரொட்டி 12, அதன் கீழே ‘வரி 20%’ என்று 22, ஆக மொத்தம் 132 சோல். அது அரசாங்க வரி, எல்லாக் கடையிலும் உண்டு என்றார் பரிமாறியவர்.

அது உண்மையன்று. பெருவின் 2010ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளருக்குக் காட்டப்படும் விலை வரிகள் அனைத்தும் அடங்கிய இறுதி விலையாக இருக்க வேண்டும். ‘ரெகார்கோ அல் கொன்சுமோ’ என்ற சேவைக் கட்டணத்தைச் சேர்க்க உணவகங்களுக்கு அனுமதி உண்டு என்றாலும், அதன் உச்ச வரம்பு 13%. அதையும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். 20% வரி என்று தனியாகக் கேட்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

‘போலெத்தா’ எனப்படும் முறையான ரசீதைக் கேட்டேன். இயந்திரம் பழுது என்றார்கள். பிறகு ‘லிப்ரோ தெ ரெக்லமாசியோனெஸ்’ என்ற புகார்ப் புத்தகத்தைக் கேட்டேன். ஒவ்வொரு கடையும் இதை வைத்திருப்பதும், இருப்பதாக வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அறிவிப்பு ஒட்டுவதும் கட்டாயம். அந்தப் பெயரைக் கேட்டதும் உள்ளேயிருந்து உரிமையாளரே வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் 22ஐ அடித்துவிட்டார். ரொட்டிக்கான 12ஐ விடவில்லை. தொட்டுத் தின்றாயிற்றே என்றார்.

விலை அதிகம் என்பதல்ல என் குறை. அவ்வூருக்குக் குஸ்கோவிலிருந்து நேரடிச் சாலை கிடையாது, பெரும்பாலான சரக்கு ரயிலில் வருகிறது என்பதால் குஸ்கோவைவிடக் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் உண்டு. அட்டையில் ஒன்றைக் காட்டிவிட்டு, பில்லில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் மோசடி. ஆகவே உட்காருவதற்கு முன்பே, இதுதான் இறுதி விலையா, சேவைக் கட்டணம் உண்டா என்று கேட்டு, வாசலில் காட்டிய அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வரும் தட்டை உடனே திருப்பியனுப்புங்கள்.

மறுநாள் அதே ஊரின் சந்தைக் கட்டடத்து மாடியில் சாப்பிட்டோம். உள்ளூர்த் தொழிலாளர்கள் உண்ணும் மதியச் சாப்பாடான ‘மெனு டெல் டியா’ அங்கே சூப், சோற்றுடன் ஒரு கறி, ஒரு குவளை பானம் என்று வந்தது. எழுதியிருந்த விலையைத்தான் வாங்கினார்கள். குஸ்கோவில் சான் பெத்ரோ சந்தையும் அப்படித்தான்: பழச்சாறு விற்கும் அம்மாக்கள் குவளை காலியானதும் ‘யாப்பா’ என்று மிச்சத்தை இலவசமாக ஊற்றுவார்கள். குழாய் நீர் குடிக்கத் தக்கதல்ல என்பதால், சாற்றில் கொதிக்க வைத்த நீரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது நீர் சேர்க்காத ஆரஞ்சுச் சாறு வாங்குங்கள்.

உணவகத்தார் பிடிவாதம் பிடித்தால், ‘ஐபெரு’ என்ற அரசுச் சுற்றுலாத் தகவல் நிலையத்துக்குச் செல்லலாம். குஸ்கோவிலும் அகுவாஸ் காலியெந்தேஸிலும் அதற்கு அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது. கையால் எழுதிய அந்தத் தாளை மட்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.