‘முழு செட்’ என்று விற்கப்படும் மாஸ் எஃபெக்ட் டிஸ்க்குகள்: பெங்களூருவில் வாங்குவோர் கவனத்திற்கு

பெங்களூருவில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலையும் அதற்கான கேம் டிஸ்க்குகளையும் செகண்ட் ஹேண்டில் வாங்க எண்ணியிருப்பவர்கள், அதிலும் மாஸ் எஃபெக்ட் என்னும் விண்வெளிக் கதை கேமின் மூன்று பாகங்களையும் ஒரே செட்டாகத் தேடுபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெட்டிகளில் மூன்று பாகங்களும் இருக்கும். ஆனால் கதை முடிவதை இன்று பலரும் எந்த வடிவில் அறிந்திருக்கிறார்களோ, எக்ஸ்டெண்டட் கட் எனப்படும் அந்த வடிவம் டிஸ்க்கில் இருக்காது. அதைப் புதிதாக அந்தக் கன்சோலின் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளும் வழியும் அடைபட்டுவிட்டது. இதை விளக்குவதற்கு முடிவைப் பற்றியே எழுதவேண்டியிருப்பதால், கதை தெரிந்துவிடக் கூடாது என்று கருதுபவர்கள் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படித்தால் போதும்.

மெஜஸ்டிக் பக்கத்துச் சந்தை ஒன்றில், மொபைல் கவர் கடைகளுக்கு நடுவே உள்ள ஒரு கடையில்தான் கன்சோலும் டிஸ்க்குகளுமாக 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். கடையின் பெயரை எழுதவில்லை. நான் தமிழன் என்று தெரிந்ததும் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறிய கடைக்காரர், “நம்ம ஆளாச்சேன்னு சொல்றேன் சார், இது ஃபுல் செட்டு. டிஎல்சி எல்லாம் ஹார்ட் டிஸ்க்லயே ஏத்தி வெச்சிருக்கேன், நீங்க பாட்டுக்கு ஆடிட்டே போலாம்” என்றார். டிஎல்சி என்பது டிஸ்க்கில் இல்லாமல் ஆன்லைனில் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி. பொதுவாகச் சொன்னதை நம்பிவிடாமல், மூன்றாம் பாகத்தின் எக்ஸ்டெண்டட் கட் இருக்கிறதா என்று பெயரைச் சொல்லியே கேட்டேன். “எல்லாமே இருக்கு சார்” என்பதுதான் பதில். கடையில் அவர் ஓட்டிக் காட்டியது முதல் பாகத்தின் தொடக்கத்தை மட்டுமே.

இந்தத் தொடரை அறியாதவர்களுக்கு, ஒரு முடிவுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். பயோவேர் நிறுவனம் உருவாக்கி, 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியான இம்மூன்று பாகங்களின் சிறப்பே, ஒன்றில் நாம் எடுத்த முடிவுகள் சேவ் கோப்பின் வழியாக அடுத்ததற்கும் வந்து சேர்வதுதான். முதல் பாகத்தில் வெர்மைர் என்னும் கோளில் ஆஷ்லி, கெய்டன் ஆகிய இரு தோழர்களில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும். விட்டுவிட்டு வந்தவர் பிறகு எந்தப் பாகத்திலும் திரும்பி வருவதில்லை. இரண்டாம் பாகத்தின் இறுதிப் படையெடுப்பில் யாரை எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துத் தோழர்கள் பிழைப்பார்கள் அல்லது இறப்பார்கள். கல்லூரி நாட்களில் முதலிரண்டை நண்பன் வீட்டில் ஆடியிருந்த நான், இம்முறை அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் அக்கா மகனோடு சேர்ந்து தொடக்கத்திலிருந்து ஆடினேன். வெர்மைரில் அவன் கன்ட்ரோலரை என்னிடம் நீட்டிவிட்டு, “நீங்களே அமுக்குங்க மாமா, என்னால முடியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு கேம் அப்படிச் செய்ய வைக்கிறது என்றால், அதன் முடிவின் மீது எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போவது இயல்புதான்.

மூன்றாம் பாகத்தின் கடைசியில், ரீப்பர்கள் என்னும் இயந்திரங்களின் படையெடுப்பை முறியடிக்க நாம் ஆடும் நாயகரான கமாண்டர் ஷெப்பர்ட் சிட்டடெல் விண்நிலையத்திற்குள் சென்றுசேர, அங்கே சிறுவன் உருவில் ஒரு செயற்கை அறிவு தோன்றி, ரீப்பர்களை அழிக்கலாம், அடக்கி ஆளலாம், அல்லது எல்லா உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலந்துவிடலாம் என்று மூன்று வழிகளைக் காட்டுகிறது. எங்கள் டிஸ்க்கில் இருந்தது 2012 மார்ச்சில் வெளியான அதே பழைய முடிவு. அழித்தால் சிவப்பு ஒளி, அடக்கினால் நீல ஒளி, கலந்தால் பச்சை ஒளி. மற்றபடி வெடிப்பும், விண்மீன் கூட்டங்களை இணைக்கும் ரிலேக்கள் சிதறுவதும், ஷெப்பர்டின் நார்மண்டி விண்கப்பல் காடடர்ந்த ஏதோ ஒரு கோளில் விழுவதும் பெரும்பாலும் ஒரே காட்சிகள்தான். கப்பலின் கதவு திறந்து தோழர்கள் இறங்கியபோது அக்கா மகன் எழுந்து நின்றுவிட்டான். “கேரஸ் நம்ம கூடத்தானே மாமா ஓடி வந்தான்? அவன் எப்ப கப்பல் ஏறினான்?” என்று கேட்டான். சரியான கேள்வி. சில நிமிடங்களுக்கு முன்பு லண்டனில் நடந்த போரில் நம்மோடு ஓடிவந்த தோழன் கேரஸ் எப்படிக் கப்பலுக்குள் போனான் என்பதற்கு அந்த வடிவத்தில் பதிலே கிடையாது. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்ததும், ஷெப்பர்டின் புகழைக் கூடுதல் டிஎல்சிகளின் வழியே மேலும் வளர்க்கலாம் என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு திரையில் வந்து நின்றது. மூன்று பாகங்களாகக் கூடவே வந்தவரிடம் இறுதியில் சொல்லக் கிடைத்தது ஒரு விற்பனை அறிவிப்புதானா என்று எனக்குக் கோபமே வந்தது.

இந்தக் கோபம் புதியதல்ல. கேம் வெளிவருவதற்கு முன், அதன் இயக்குநர் கேஸி ஹட்சன், ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லிவிடக்கூடிய முடிவுகளாக இவை இருக்காது என்ற பொருளில் பேட்டியளித்திருந்தார். வந்தவையோ எண்ணிச் சொல்லிவிடக்கூடிய மூன்று வண்ணங்கள். ரசிகர்கள் திரண்டு எதிர்ப்பு இயக்கம் தொடங்கி, அதன் பெயரால் குழந்தைகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். வேறு சிலர் சிவப்பு, நீலம், பச்சை நிறக் கிரீம் பூசிய 400க்கும் மேற்பட்ட கப் கேக்குகளை பயோவேர் அலுவலகத்திற்கே அனுப்பினார்கள். நிறம் எதுவானாலும் உள்ளே சுவை ஒன்றே. திட்டிக் கடிதம் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

அதன் விளைவாகத்தான் 2012 ஜூன் 26 அன்று எக்ஸ்டெண்டட் கட் இலவசமாக வெளியானது. தோழர்களைக் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ளும் காட்சியும், போருக்குப் பிறகு ஒவ்வோர் இனமும் என்ன ஆயிற்று என்று காட்டும் படங்களும், மூன்று வழிகளையும் மறுத்துவிடும் நான்காவது வழியும் அதில்தான் சேர்ந்தன. வேறொரு குறையும் அதில்தான் ஓரளவு தீர்ந்தது. நாம் திரட்டும் படைபலத்தில், ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் மல்ட்டிபிளேயர் ஆடாதவர்களுக்குப் பாதிதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஷெப்பர்ட் உயிரோடிருப்பதைக் குறிப்பால் காட்டும் கடைசிக் காட்சிக்கு முதலில் குறைந்தது 4,000 புள்ளிகள் வேண்டியிருந்ததால், தனியாக ஆடுபவர்களுக்கு அது எட்டாக்கனியாக இருந்தது. எக்ஸ்டெண்டட் கட் அதை 3,100 ஆகக் குறைத்தது. இத்தனைக்குப் பிறகும் முடிவின் அடிப்படைக் கோளாறு தீர்ந்ததாக நான் கருதவில்லை. மூன்று பாகங்களில் எடுத்த முடிவுகளையெல்லாம் ஓர் எண்ணாகச் சுருக்கியது சுருக்கியதுதான். இருந்தாலும் அது இல்லாமல் ஆடுவது, வார இதழில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த புத்தகத்தில் கடைசி வாரம் மட்டும் விடுபட்டுப்போனதைப் போன்றது.

வீட்டில் கன்சோலின் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து பார்த்தபோது, இரண்டாம் பாகத்துக்குரிய சில துணுக்குகள் இருந்தன. மூன்றாம் பாகத்தின் பெயரில் எங்கள் சேவ் கோப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாம் பாகத்தின் பெட்டிக்குள் ஓரம் மடங்கிய, ஆன்லைனில் பதியும் ரகசியக் குறியீடு அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. அதன் மூலையில் யாரோ பேனாவால் டிக் அடித்திருந்தார்கள். ஒருமுறை பயன்படுத்தப்பட்ட குறியீடு இன்னொருவருக்குச் செல்லாது. அதுபோலவே ஃப்ரம் ஆஷஸ் என்னும் பகுதி, கேம் வெளியான அன்றே 10 டாலருக்குத் தனியாக விற்கப்பட்டது. கதையில் மிக முக்கியமான புரோத்தியன் இனத்தின் கடைசி ஆளான ஜாவிக் அதில்தான் வருகிறான். ஆக, சாதாரணப் பதிப்பின் டிஸ்க்குகள் அத்தனையும் கீறலில்லாமல் கையில் இருந்தாலும் கதை முழுமையாக இருக்காது.

விட்டுப்போனதை இறக்கிக்கொள்ளலாமே என்றால், மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 29 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் ஆன்லைன் ஸ்டோரை மூடிவிட்டது. முன்பே தம் கணக்கில் பெற்றிருந்தவர்கள் மறுபடியும் இறக்கிக்கொள்ளலாமே தவிர, புதிதாக வருபவர்களுக்கு அந்த ஸ்டோரில் விலை கொடுத்தும் கிடைக்காது, இலவசமாகவும் கிடைக்காது. கடைக்காரருக்கு இது தெரியாதிருக்க நியாயமில்லை. நான் திரும்பிப் போய்க் கேட்டதும், “அதெல்லாம் ஆன்லைன்ல வர்றது சார், எங்க கையில என்ன இருக்கு? வேணும்னா ஒரு கிரிக்கெட் கேம் எடுத்துக்கங்க” என்றார். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னதை நினைவூட்டியதும், பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் இருந்தது ‘ஒரு செட், நோ ரிட்டர்ன்’ என்பது மட்டுமே. வாய்ப்பேச்சில் விற்றுவிட்டு, எழுத்தில் பின்வாங்குவதுதான் இந்தக் கடையின் வழக்கம் என்று பக்கத்துக் கடைப் பையன் ஒருவனே பிறகு மெல்லச் சொன்னான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

இந்தத் தொடரை முதல்முறையாக ஆட விரும்புபவர்களுக்குப் பழைய டிஸ்க்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2021 மே மாதம் வெளியான லெஜண்டரி எடிஷனில் மூன்று பாகங்களும், எக்ஸ்டெண்டட் கட்டும், ஜாவிக் உட்படக் கதை சார்ந்த ஏறக்குறைய எல்லா டிஎல்சிகளும் சேர்ந்தே வருகின்றன. மல்ட்டிபிளேயர் மட்டும் அதில் இல்லை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் ஆகியவற்றில் அது ஓடும். டிஸ்க்கை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், டிஸ்க் டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் யாரிடமாவது கிடைத்தால் அதில் போட்டுப் பார்க்கலாம். மூன்று பாகங்களுமே அதில் ஓடக்கூடியவை, அந்தக் கன்சோலின் ஸ்டோரும் மூடப்படவில்லை.

அப்படியும் எக்ஸ்பாக்ஸ் 360தான் வேண்டும் என்பவர்கள், கடையிலேயே கன்சோலை ஓடவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, மாஸ் எஃபெக்ட் 3 என்ற பெயருக்குள் எக்ஸ்டெண்டட் கட் என்ற வரி இருக்கிறதா என்று தம் கண்ணாலேயே பார்க்கவேண்டும். வரி இருந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது, ஏனெனில் வேறொரு கன்சோலில் இறக்கிய டிஎல்சி ஹார்ட் டிஸ்க்கோடு இடம் மாறி வந்திருந்தால், வாங்கியவரின் கணக்கு இல்லாமல் திறக்காமல் போகலாம். ஆகவே உங்கள் புரொஃபைலில் மூன்றாம் பாகத்தைத் தொடங்கச் சொல்லி, டிஎல்சி பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். பிறகு, என்னென்ன டிஎல்சிகள் உள்ளன என்பதைப் பெயர் சொல்லிப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.