ஈம்ஸ் நாற்காலி: மரத்துக்கு முன் ரப்பர் போகும்

ஈம்ஸ் 670 என்ற மாடல் சாய்வு நாற்காலியைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் தோலைத் தடவிப் பார்ப்பார்கள், மரத்தின் ரேகையைப் பார்ப்பார்கள். கைவிட்டுப் பார்க்க வேண்டிய இடம் கைப்பிடிக்கு உள்ளே இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1956-ல் கொண்டுவந்த இந்த நாற்காலியில் முதுகுப் பலகைக்கும் இருக்கைப் பலகைக்கும் நேரடி இணைப்பே கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை கைப்பிடிகள் மட்டுமே. கைப்பிடியின் உலோகத் தகடு, முதுகுப் பலகையின் உட்புறத்தில் ஒட்டிய ரப்பர் வில்லைகளில் திருகப்பட்டிருக்கும். வெளிப்பக்கம் ஓட்டை போடாமல் வேலை முடிந்துவிடுகிறது, பார்க்க அழகு. ஆனால் சாய்கிற ஆளின் பாரம் முழுக்க அந்த ரப்பரிலும் பசையிலும்தான் தொங்குகிறது.

வருடக்கணக்கில் ரப்பர் இறுகும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் கல் போல இருந்தால் அதற்கு வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்க வில்லை கிழிந்ததும் பாரம் மறுபக்கம் போய் முதுகு முறுக்கிக்கொள்ளும். அப்போது மரமே பிளக்கிறது. கிழிந்த ரப்பரை மாற்றிவிடலாம், பிளந்த பலகையைப் பழையபடி ஆக்குவது கடினம். அதனால் ஒன்று போனாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கைப்பிடியில் உட்காரக் கூடாது. நகர்த்தும்போது கைப்பிடியையோ தலைப் பலகையையோ பிடித்துத் தூக்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

உட்காரும் சுகத்தைப் பொறுத்தவரை, சாய்வு கோணம் மாறாது. புத்தகம், இசை, மதியத் தூக்கம் எல்லாவற்றுக்கும் பொருத்தம்; மடிக்கணினியில் வேலை பார்க்க இது சரிப்படாது, கழுத்து வலிக்கும். இருக்கையும் காலணையும் (கால் நீட்டி வைக்கும் தனி இருக்கை) ஒரே வடிவம் என்பதால் அவற்றின் மெத்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட்டால் ஒரே இடம் குழி விழாது. ஆரம்ப காலப் பலகைகளில் ஐந்து அடுக்கு ப்ளைவுட், பிற்காலத்தில் ஏழு. ஓரத்தில் எண்ணினாலே ஓரளவு வயது தெரியும். பழைய பிரேசில் ரோஸ்வுட் என்றால் ஒரு சிக்கல் உண்டு: 1992 முதல் அந்த மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. உரிய தாள்கள் இல்லாமல் எல்லை தாண்டாது.

ரப்பரை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? 1940-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டியில் சார்ல்ஸும் கட்டடக் கலைஞர் ஏரோ சாரினனும் ஒரே வளைவான ப்ளைவுட் நாற்காலியைக் காட்டிப் பரிசு வாங்கினார்கள். பரிசு வந்ததே தவிர, அதை மலிவாகச் செய்ய முடியவில்லை. இருக்கையும் முதுகும் சந்திக்கும் கூர்மையான வளைவில் ப்ளைவுட் பிளந்துவிடும். மேலே துணி போர்த்த வேண்டியதாயிற்று. பிறகு சார்ல்ஸும் ரேயும் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில் பிளாஸ்டர் அச்சு, மின்கம்பிச் சூடு, சைக்கிள் பம்பு வைத்து ப்ளைவுட்டை வளைத்துப் பழகினார்கள். அந்த வித்தையில்தான் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு, அடிபட்ட காலை அசையாமல் கட்டிவைக்கும் ப்ளைவுட் தகடுகள் சுமார் 1,50,000 போயின. 1940-களின் நடுவில் வந்த நாற்காலிகளில் இருக்கையும் முதுகும் தனித்தனிப் பலகை. வளைய மறுத்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ரப்பரை வைத்தார்கள். முதுகு கொஞ்சம் அசைந்து கொடுப்பதும் அதனால்தான்.

1950-ல் வந்த கண்ணாடியிழை நாற்காலியிலும் இதே கதை. ஒரே அச்சில் வார்த்த கூடு, அடியில் நான்கு ரப்பர் வில்லை, அதில் போல்ட். வில்லை கழன்றுவிட்டால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பழைய பசையை உளியால் பெயர்த்து, அந்த இடத்தை 80 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். உலர்ந்த கண்ணாடித் தூள் மூச்சில் போகக் கூடாது, முகமூடி கட்டாயம். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, இரண்டு குழாயாக வரும் எபாக்ஸி பசையைக் கலந்து வைக்கவும். நான்கு வில்லையையும் முதலில் கால்சட்டத்தில் லேசாகத் திருகி, சட்டத்தோடு சேர்த்து ஒட்ட வேண்டும்; தனித்தனியாக ஒட்டினால் ஓட்டைகள் நேர்கோட்டில் வராது. சட்டத்தின் மேல் சம எடை வைத்து 24 மணி நேரம் தொடக்கூடாது. போல்ட்டின் மரை பெரும்பாலும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. கடையில் கிடைக்கிறதே என்று 6 மில்லிமீட்டர் போல்ட்டை முடுக்கினால் மரை போய்விடும். வில்லைகளின் இடைவெளியிலும் அகலம், குறுகல் என்று இரண்டு வகை உண்டு. அளக்காமல் கால்சட்டம் வாங்குவது வீண் செலவு.

வெயிலில் கிடந்த கூட்டில் ரெசின் (இழையைப் பிணைக்கும் பிசின்) தேய்ந்து இழை மேலே வரும், தொடை அரிக்கும். 400, பிறகு 600 நம்பர் ஈரத் தேய்ப்பு. அதன்மேல் பெயின்ட்டில் கலக்கும் பெனட்ரால் வகை ஊடுருவும் எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சு, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் பிசுபிசுப்பு போகவே போகாது. கம்பிக் கால் என்றால் இன்னொரு பலவீனம்: பின்காலில் சாய்ந்து ஆடுகிறவர் வீட்டில் கம்பிகள் சந்திக்கும் இடத்தில் வெல்டு விட்டுப்போகும்.

இந்த வைத்தியம் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கூட்டுக்குப் பலிக்காது. எபாக்ஸி அதில் பிடிக்காது. எது எது என்று சந்தேகம் வந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடியிழையில் நூல் சிதறியது போலக் கோடுகள் தெரியும், பிளாஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது.