என்ஜின் வேலைக்குக் காரை விடுவதற்கு முன்

பதினெட்டு ஆண்டுகளாக ஓடி 2,10,000 கிலோமீட்டரைக் கடந்திருந்த என் கார், காலையில் முதன்முதலாகக் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை கக்கத் தொடங்கியது. பட்டறைக்காரர் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, “ரிங் போய்விட்டது, போர் செய்து முழு என்ஜின் வேலை பார்த்தாக வேண்டும், பார்த்தால் இன்னும் பத்து வருடம் ஓடும்” என்றார். ரிங் என்பது ஆயில் மேலேறாமல் தடுக்க பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், போர் என்பது தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து சற்றுப் பெரிதாக்குவது. காரை விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் முக்கால் பங்கைச் செலவாகச் சொன்னபோதும், பழகிய வண்டியைக் கைவிட மனம் வராததால் ஒப்புக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்து வந்த ரசீதில் கடைந்த சிலிண்டருக்கேற்ப அரை மில்லிமீட்டர் பெரிதான நான்கு 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன்கள், ரீபோர், வால்வுத் தண்டில் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள், கேஸ்கட் என எல்லாம் வரிசையாக இருந்தன. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குபவன் ஏமாற மாட்டான் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால் கேட்டேன். மறுப்பே சொல்லாமல் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். என்ஜின் மீது புதிதாக அடித்திருந்த வெள்ளி நிற பெயின்ட்டையும் அந்தச் சாக்கையும் பார்த்து நான் திருப்தி அடைந்துவிட்டேன்.

மூன்று வாரம் புகை இல்லை. நான்காம் வாரம், அதே காலை நேரத்தில், அதே நீலப் புகை.

வேறொரு மெக்கானிக், கையில் எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன், புகை எப்போது வருகிறது என்று கேட்டார். இரவு முழுவதும் நின்ற வண்டியில் இறுகிப்போன வால்வு சீல் வழியாக ஆயில் கசிந்து சிலிண்டரில் இறங்கினால் கிளப்பும்போது புகை வந்து சற்று நேரத்தில் அடங்கிவிடும் என்றும், ரிங் தேய்ந்திருந்தால் வேகமெடுக்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் புகை தொடரும் என்றும் விளக்கினார். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளந்து பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் 165 முதல் 170 பிஎஸ்ஐக்குள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன, ரிங் தேய்ந்ததற்கான அறிகுறி இல்லை. ஆயிலை வடித்தபோது, என் என்ஜினுக்குரியதைவிட மிகக் கெட்டியான ஆயில் தேன் போல மெதுவாக இறங்கியது. மூன்று வாரம் புகையை மறைத்தது அதுதான் என்றார்.

சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் மிச்சமும் வெளிப்பட்டது. ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையில் 0.50 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். என் பிஸ்டன்களில் இருந்ததோ ‘எஸ்டிடி’ என்ற எழுத்துகள், அதாவது ஸ்டாண்டர்ட், பெரிதாக்காத இயல்பு அளவு. ஓவர்சைஸ் பிஸ்டன் எதுவும் போடவில்லை, பழைய பிஸ்டன்களின் கரியை மட்டும் சுரண்டியிருந்தார்கள். வால்வு சீல்கள் நகத்தால் அழுத்தினாலும் அமுங்காத அளவுக்கு இறுகியிருந்தன. சாக்கில் இருந்த பிஸ்டனை வெர்னியரில் அளந்தால், என் சிலிண்டரின் விட்டத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரியது. அது என் என்ஜினுக்குள் ஒருநாளும் இருந்திருக்க முடியாது. தேவையே இல்லாத ஒரு வேலைக்கு, அதையும் செய்யாமலே, பணம் வாங்கியிருக்கிறார்கள்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. காரை லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழுள்ள பாடி விளிம்பில் அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தியதும், அது பெயின்ட்டைத் துளைத்து உள்ளே போனது. பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடமும் துருவால் அடுக்கடுக்காக உரிந்தது. என்ஜினை எந்த நாளிலும் சரிசெய்யலாம், பாரம் தாங்கும் கூடு இற்றுப்போன வண்டியில் பணம் போடுவதற்கு அர்த்தமில்லை என்று அவர் சொன்னபோது, இந்தக் காரை விடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கான பதிலை முதல் நாளே ஒரு ஸ்க்ரூடிரைவர் சொல்லியிருக்கும் என்பது புரிந்தது. ஏழு வாரம் வண்டியை வைத்திருந்தவர்கள் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

ரசீதுடன் பழைய பட்டறைக்குப் போனபோது, வெளியில் ஹெட்டைக் கழற்றிவிட்டதால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இதே நிலையில் இருப்பவர்கள், பிரிப்பதற்கு முன் முதல் பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களையும் உடன் நிற்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. காரைக் கழித்துக்கட்டும் இடத்தில் எடைக்குப் போட்டேன். சாக்கில் இருந்த பிஸ்டன்களையும் அதே தராசில்தான் வைத்தார்கள்.