"மெயின் போட் போயிட்டுது" என்று சொன்னவுடன் காசைக் கொடுக்காதீர்கள்: டிஷ் றிசீவர் திருத்தக் கொடுப்பவர்களுக்கு

சாவகச்சேரிப் பக்கத்து வீடொன்றின் டிஷ் றிசீவர், "மெயின் போட் போயிட்டுது அம்மா, மாத்தத்தான் வேணும்" என்ற சொல்லோடு ஒரு கடையில் நாலு நாள் கிடந்தது. 6,500 ரூபா வாங்கினார்கள். பில் இல்லை, கழற்றிய போட்டையும் கொடுக்கவில்லை. ஏழாம் கிழமை பழையபடி சிவப்பு லைற் மினுங்கத் தொடங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால், "கறண்ட் கூடிக் குறைஞ்சிருக்கும், அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில்.

அந்தப் பெட்டியில் மெயின் போட், அதாவது முக்கிய மின்சுற்றுப் பலகை, மாறவேயில்லை. இதைக் கண்டுபிடிக்க மூடியைக் கழற்றவும் தேவையில்லை. சனல் பட்டியல், விருப்பச் சனல் வரிசை, பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு எண் எல்லாம் மெயின் போட்டில் உள்ள நினைவகத்தில்தான் பதிந்திருக்கும். போட் மாறினால் அவையும் போய்விடும். இங்கே எல்லாம் அப்படியே இருந்தன. மெனுவில் தெரியும் பெட்டி எண்ணும் அடியில் ஒட்டியிருந்த எண்ணும் ஒன்றுதான். கார்ட் போடுகிற பெட்டியென்றால் இன்னும் வெளிப்படை. பல நிறுவனங்களின் கார்ட் ஒரு பெட்டியோடு மட்டும் இணைக்கப்பட்டிருப்பதால், போட்டை மாற்றினால் அந்தக் கார்ட்டில் படம் வராது.

உள்ளே மாறியிருந்தது பவர் சப்ளையில் ஒரேயொரு கப்பாசிற்றர், பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படிப்போமே அதுதான். விலை ஒரு பால்தேத்தண்ணிக் காசு. அதையும் சரியாகப் போடவில்லை. 1000 மைக்ரோபரட், 10 வோல்ற், 105 பாகை இருக்கவேண்டிய இடத்தில் 470 மைக்ரோபரட், 85 பாகை. புதிய கப்பாசிற்றருக்குக் கால் நீளமாக இருக்கும். ஈயம் வைத்த பிறகுதான் மிச்சத்தை வெட்டுவோம். இதற்கோ கால் எட்டாமல் செப்புக்கம்பித் துண்டு வைத்து நீட்டியிருந்தார்கள். ஒட்டில் பழைய ஈயம் சாம்பல் நிறத்தில் திரண்டு கிடந்தது. வேறொரு பழைய போட்டிலிருந்து பிடுங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

85 பாகையா 105 பாகையா என்பது சின்ன விசயமில்லை. வெப்பம் 10 பாகை குறைய ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். 2000 மணித்தியாலம் என்று குறித்த 105 பாகைக் கப்பாசிற்றர் 85 பாகைச் சூட்டில் 8000 மணித்தியாலம் வரை தாங்கும். 85 பாகைக்காரர் அதே சூட்டில் 2000தான். இரவு பகல் பிளக்கிலேயே கிடக்கும் பெட்டிக்கு அது மூன்று மாதம்கூட வராது. எங்கள் வெக்கையில், ரிவிக்குக் கீழே, மேலே பின்னல் துணி விரித்துக் காற்றுத்துளையை மூடிவைத்தால் உள்ளே இருக்கும் திரவம் இன்னும் கெதியாக வற்றும்.

கப்பாசிற்றர் பழுதென்றால் பெட்டி சொல்லிவிடும். காலையில் பிளக்கைப் போட்டால் லைற் மினுங்கும், அல்லது தொடங்கித் தொடங்கி நிற்கும்; இருபது நிமிசம் விட்டால் தானாக எழும்பும். வற்றிய கப்பாசிற்றரின் உள்தடை குளிரில் கூடும், சூடானால் குறையும். மார்கழியில் இந்தப் பெட்டிகள் கூடுதலாகக் கடைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதிச் சனல் மட்டும் வராமல் போனால் எல்என்பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கியை, மாற்ற ஓடாதீர்கள். நிலைக்குத்துச் சனலுக்கு 13 வோல்ற், கிடைச் சனலுக்கு 18 வோல்ற் பெட்டியிலிருந்து மேலே எல்என்பிக்குப் போகவேண்டும். பவர் சப்ளை பலவீனமாகி அந்த 18 விழுந்தால் கிடைச் சனல்கள் போய்விடும். குருநகர், வல்வெட்டித்துறை போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் வயர் முனையில் உப்புக்கறள் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஈயம் வைத்துப் பழகியவர்கள் தாங்களே மாற்றலாம். பழகாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் 400 வோல்ற் என்று எழுதிய பெரிய கப்பாசிற்றரில் 325 வோல்ற் அளவுக்கு நிற்கக்கூடும். 10 கிலோஓம், 5 வாற் தடையியைக் காப்பிட்ட குறட்டால் பிடித்து அதன் இரண்டு காலிலும் ஐந்து செக்கன் வைத்து, மீற்றரால் அளந்து, பூச்சியம் கண்ட பிறகே கை வையுங்கள். திருகாணிச் செலுத்தியால் குறுக்கே தட்டுகிற பழக்கம் போட்டையும் கெடுக்கும், கண்ணையும் கெடுக்கும்.

பழுதானது பெரும்பாலும் தலை வீங்கி, வெடிப்புக் கோட்டில் பழுப்பு கசிந்து நிற்கும். சிலது வெளியே பார்க்க நல்லாகவே இருக்கும். சாதாரண மீற்றரும் கொள்ளளவைச் சரியாகத்தான் காட்டும், உள்தடையைக் காட்டாது. பவர் சப்ளையின் 5 வோல்ற் வழியில் மீற்றர் 4.3, 4.6 என்று துள்ளினால் சந்தேகப்படுங்கள். கழற்றுமுன் போனில் படம் எடுங்கள். உடலில் உள்ள வெளிர்கோடு மறை (−) பக்கம். போட்டில் நிழலிட்ட பாதியும் பெரும்பாலும் மறைதான், ஆனால் எல்லா நிறுவனமும் அப்படி அச்சிடுவதில்லை. மாறிப் போட்டால் வெடிக்கும். மைக்ரோபரட் அதே அளவு, வோல்ற் அதே அல்லது அதற்கு மேல், 105 பாகை, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது). 10 வோல்ற்றுக்குப் பதில் 16 போடலாம், 6.3 போடக்கூடாது. ஒன்று வீங்கியிருந்தால் அந்தப் பக்கத்தில் உள்ள மற்றவையும் அதே வயதுதான், சேர்த்தே மாற்றுங்கள்.

கடையில் கொடுப்பவர்கள் பெட்டி எண்ணைக் குறித்துவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலே சொல்லுங்கள். பில்லில் "திருத்தம்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எந்தப் பொருள், என்ன அளவு, எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதுவியுங்கள். அந்தத் துண்டு இருந்தால்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடும்போதும் கையில் ஆதாரம் இருக்கும்.

எடுக்கப் போகும்போது பெட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அதை நம்பவேண்டாம். பழுது தெரிவது ஆறிய பெட்டியில்தான். பிளக்கைக் கழற்றி இரண்டு மணித்தியாலம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கண்முன் போட்டு, ஒரே தரத்தில் படம் வந்தால் காசைக் கொடுங்கள்.