ஸ்லீவா, பைபாஸா? மாதவிடாயை முன்வைத்து ஓர் அலசல்

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகும் பெண்ணிடம் சர்க்கரை, பிரஷர், குறட்டை, மூட்டுவலி என்று வரிசையாக விசாரிப்பார்கள். மாதவிடாய் பற்றிய பேச்சு "பிசிஓடி இருக்கா?" (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பிசிஓஎஸ் என்றும் சொல்வார்கள்) என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுவது உண்டு. மாதவிடாய் நிற்காத வயதில் இருப்பவருக்கு, ஸ்லீவ், பைபாஸ் என்ற அதன் இரண்டு முறைகளில் எது என்று முடிவெடுக்கும்போது உதிரப்போக்கு எப்படி இருக்கிறது என்பதும் ஒரு முக்கியக் கணக்கு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். குடலில் கை வைப்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் சிறு பை ஒன்றை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். சாப்பாடு சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடும். மாதவிடாய் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

நின்றுபோன மாதவிடாயைத் திரும்பக் கொண்டுவருவதில் இரண்டுமே பலன் தருகின்றன. எடை குறையும்போது இன்சுலின் இறங்குகிறது. கல்லீரல் சுரக்கும், ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் கூடுகிறது. அதனால் ரத்தத்தில் தனித்துத் திரியும் ஆண் ஹார்மோன் குறைந்து, கருமுட்டை வெளியாகத் தொடங்குகிறது. பிரிட்டனில் பிசிஓஎஸ் உள்ள 80 பெண்களை வைத்து நடந்த பாம்பினி ஆய்வு 2024-இல் லான்செட் இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்லீவ், மீதிப் பேருக்கு மருந்தும் உணவு ஆலோசனையும். ஓராண்டில் கருமுட்டை வெளியானது அறுவை சிகிச்சைக் குழுவில் இடைநிலை அளவாக 6 முறை, மற்ற குழுவில் 2 முறை. பிசிஓஎஸ் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் பெரிய சிகிச்சையான பைபாஸுக்குப் போகத் தேவையில்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

சிகிச்சைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் வரும் மாதவிடாய்க் குளறுபடியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே மாதத்தில் இருமுறை வரலாம், பத்து நாள் நீடிக்கலாம், நாள் தள்ளியும் போகலாம். கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜனை உற்பத்தி செய்யும், சேர்த்தும் வைக்கும். அது வேகமாகக் கரையும்போது ஹார்மோன் அளவு ஏறி இறங்குகிறது. பல மாதம் மாதவிடாயே வராமல் கருப்பையின் உள்சவ்வு தடித்திருந்தவர்களுக்கு முதல் போக்கு கனமாக இருக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, சாப்பாடு திடீரென்று சுருங்கியதால் மூளை கருப்பைச் சுழற்சியைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் நடக்கும்.

இரும்புச்சத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. உணவிலுள்ள இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். அதைக் கரைத்துத் தருவது இரைப்பை அமிலம். பைபாஸில் இந்த இரண்டுமே தப்பிப்போகின்றன. ஸ்லீவில் அமிலம் குறைந்தாலும் குடல் வழி அப்படியே இருக்கிறது. சத்துக்குறைவு அதிலும் வரும், ஆனால் பைபாஸ் அளவுக்கு அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்மில் பாதிப் பேர் அறுவை அரங்குக்குள் நுழையும்போதே கையிருப்பு இல்லாமல்தான் நுழைகிறோம். அதற்குமேல் மாதாமாதம் கனமான போக்கும், இரும்பு சேராத குடலும் கூடினால் என்ன ஆகும்? முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரண்டு சிகிச்சைக்குப் பிறகுமே தினம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவை என்கிறது அமெரிக்க பேரியாட்ரிக் (எடை குறைப்பு) அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதல். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையோடு சேர்த்துக் காபி, டீ வேண்டாம். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதற்கு முன்பே சரிந்துவிடும், அதையும் கேட்டு வாங்குங்கள். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்கு மாத்திரை போதாமல், நரம்பு வழியாக இரும்பு ஏற்ற வேண்டிவரும்.

கருத்தடையிலும் ஸ்லீவ் கொஞ்சம் முந்துகிறது. இரண்டிலுமே 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். "உனக்குக் குழந்தை தங்காது" என்று பேச்சுக் கேட்டே பழகிய பெண்ணுக்கு, சுழற்சி திரும்பியதும் எதிர்பாராமல் கரு உண்டாகிவிடலாம். நாள் தள்ளினால் அறுவை சிகிச்சைதான் காரணம் என்று காத்திருக்காமல் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வது நல்லது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படுமா என்ற சந்தேகம் இருப்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம் என்கிறார்கள். ஸ்லீவில் அந்தத் தடை அமெரிக்க வழிகாட்டுதலில் இல்லை; பிரிட்டனில் இரண்டுக்குமே மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கு எந்த சிகிச்சையானாலும் மாத்திரை நிச்சயமில்லை. என் தேர்வு கருப்பைக்குள் பொருத்தும், ஹார்மோன் உள்ள வளையம். குடலை நம்பி அது இல்லை, உதிரப்போக்கையும் குறைக்கிறது. காப்பர்-டி கர்ப்பத்தைத் தடுக்கும், ஆனால் போக்கைக் கூட்டக்கூடும். ரத்தசோகை உள்ளவருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

அப்படியானால் எல்லோருக்கும் ஸ்லீவ்தானா? இல்லை. கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதை மோசமாக்கலாம். அங்கே பைபாஸ்தான் சரி. சர்க்கரை உள்ளவர்களிலும் பைபாஸின் பலன் சற்றுக் கூடுதல். அப்படிப் பைபாஸைத் தேர்ந்தெடுப்பவர் கனமான போக்கு உள்ளவராக இருந்தால், ரத்தசோகையைச் சரிசெய்துகொண்டு, வளையத்தைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

எந்த சிகிச்சை செய்திருந்தாலும், மணிக்கு ஒரு பேட் நனைந்தால், மூன்று மாதம் வராமலே இருந்தால், மாதவிடாய் நின்ற வயதில் திரும்பக் கறை பட்டால், எடை குறைவதால்தான் என்று விட்டுவிடக் கூடாது. உடல் பருமன் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால், இந்தக் கடைசி அறிகுறிக்கு உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.